பட்டியலில் நாற்பத்தோராவது பெயர்



சென்ற இதழில் மாரிக்கு முன் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை எழுத எடுத்தது உதைபந்தாட்டம். "இந்த மனுசிக்கு என்ன பிடிச்சது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். மைதானத்தில் ஓடுகிற ஆட்டத்தைப் பற்றி நான் எழுதவில்லை. ஓடுகிறவர்களைப் பட்டியல் போட்டுத் தெரிவு செய்கிற ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பட்டியல் என்றால் என்ன, அதில் மேலே நிற்பது எப்படி, கீழே விழுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விடயம்.

2024 ஆவணியில், மடுத் திருவிழாவுக்கென்று இலண்டனிலிருந்து தம்பியின் குடும்பம் சுருவிலுக்கு வந்து நின்றது. தம்பியின் மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. வந்த நாள் தொட்டு விறாந்தை மூலையிற் குந்தியிருந்து கைத்தொலைபேசியைத்தான் பார்த்தான். எங்கே சிக்னல் நன்றாக வருகிறதென்று அந்த மூலையை அவன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். மூன்றாம் நாள் என்னிடம் வந்தான்.

"மாமி, எங்கட லீக்கில ஒரு இடம் காலியாயிருக்கு. ரொறன்ரோ அண்ணாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, அவருக்கு இந்த முறை ஏலாதாம். நீங்களும் மச்சாளும் ஒரு ரீமா வாங்கோவன்."

எனக்குப் பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் என் மகள் பாடசாலை அணியில் விளையாடுகிறவள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை வெற்றிக்கிண்ணம் எடுத்ததைப் பத்திரிகையில் வெட்டி, கொப்பி மட்டைக்குள் வைத்திருக்கிறாள். நான் வாய் திறக்க முதல் அவள் "ஓம்" என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டம் இதுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் விளையாடுகின்றன. அந்த வீரர்களிலிருந்து ஒவ்வொருவரும் 15 பேரைத் தமக்கென்று எடுக்க வேண்டும்: 2 கோல்காப்பாளர், 5 பின்கள வீரர், 5 நடுக்கள வீரர், 3 முன்கள வீரர். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு அந்த வீரர்கள் உண்மையான ஆட்டத்தில் என்ன செய்கிறார்களோ அதற்குப் புள்ளி வரும். 60 நிமிடத்துக்கு மேல் விளையாடினால் 2 புள்ளி. கோல் போட உதவினால் 3. முன்கள வீரர் கோல் போட்டால் 4, நடுக்கள வீரர் போட்டால் 5, பின்கள வீரர் போட்டால் 6. எதிரணிக்கு ஒரு கோலும் கொடாமல் தடுத்தால் கோல்காப்பாளருக்கும் பின்கள வீரருக்கும் தலைக்கு 4. மஞ்சள் அட்டைக்கு 1 கழியும், சிவப்புக்கு 3 கழியும். இந்தத் தெரிவு செய்கிற நாளைத்தான் பிள்ளைகள் "டிராஃப்ட்" என்கிறார்கள்.

தெரிவு செய்யும் ஒழுங்கைச் சீட்டுப் பிடிக்கிற நமக்குச் சொல்வது சுலபம். எட்டுப் பேர் சேர்ந்த சீட்டில் முதலில் எடுக்கிறவருக்குக் காசு கையோடு வரும், கடைசி ஆள் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் அந்த அநியாயத்தைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதற் சுற்று 1 முதல் 8 வரை போகும். இரண்டாம் சுற்று 8இலிருந்து திரும்பி 1க்கு வரும். பாம்பு வளைந்து போவது போல. ஆகவே எட்டாவதாக நிற்கிறவருக்கு அடுத்தடுத்து இரண்டு தெரிவு கிடைக்கும். அதன் பிறகு அவர் 24ஆம், 25ஆம் பெயர் வரைக்கும் வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நமது சீட்டிலும் இப்படியொரு ஒழுங்கு வைக்கலாமோ என்று நான் யோசித்தது உண்மை. அது வேறு கதை.

இது இன்று நேற்று வந்த விளையாட்டுமல்ல. அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்தைச் சேர்ந்த பில் விங்கன்பாக் என்பவர், 1962இல் நண்பர்கள் சிலரோடு நியூயோர்க் ஹொட்டேல் ஒன்றில் இருந்து இதன் விதிகளை எழுதினார். அடுத்த வருடம், 1963 ஆவணியில், எட்டு அணிகளோடு அவர் வீட்டிலேயே முதலாவது தெரிவு நடந்தது. அது அவர்களுடைய முட்டைப் பந்து ஆட்டத்துக்கு. கணணி கிடையாது, இன்ரநெற் கிடையாது. பத்திரிகையில் வந்த எண்களைக் கடதாசியில் எழுதிக் கூட்டினார்கள். எங்கள் பந்துக்கு இதைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் அன்ட்ரூ வெயின்ஸ்டீன், 1991இல். பிரீமியர் லீக் தானே இதை நடத்தத் தொடங்கியது 2002இல். ஒரு வீரர் ஒருவருக்குத்தான் என்கிற டிராஃப்ட் முறையை 2017இல் சேர்த்தது.

மருமகன் எங்களுக்கு ஒரு பட்டியல் தந்தான். 200 பெயர், முதலாவதிலிருந்து இருநூறாவது வரை இலக்கமிட்டு. ஊர்காவற்றுறைக்குப் போய் அச்செடுத்து வந்தான். "இதைப் பார்த்து மேலேயிருந்து எடுத்துக்கொண்டு வந்தாச் சரி, மாமி. பெரிய ஆக்கள் போட்ட றாங்கிங்" என்றான்.

அந்தக் கடதாசியைக் கையில் வாங்கியபோது எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. சொன்னால் சிரிப்பீர்களோ தெரியாது. 1990இல் தீவுப்பகுதியிலிருந்து கிளம்பிய நாள் தொடக்கம் எத்தனை பட்டியலில் என் பெயரைத் தேடியிருக்கிறேன். நிவாரண அரிசிப் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல், கூரைத் தகடு கொடுத்த பட்டியல். போர் முடிந்து சில வருடங்களின் பின் வந்த ஒரு வீட்டுத்திட்டத்தில் புள்ளி போட்டுத் தெரிவு நடந்தது. வெளிச் சுவரில் ஒட்டிய பட்டியலில் நான் இருபத்தேழாவது. வீடு வந்தது இருபது பேருக்கு. குடும்பத்தில் ஆட்கள் கூடினால் புள்ளி கூடும் என்றார்கள். என் வீட்டில் நானும் கைப்பிள்ளையும் மட்டும்தான். ஆட்கள் குறைந்ததற்கு என்ன காரணம் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. வெயிலில் நின்று அந்தச் சுவரை வாசித்தது இன்றைக்கும் எனக்கு மறக்காது.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கடதாசியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி: "இதை ஆர் போட்டது? எதை எண்ணிப் போட்டவை?"

நான் அந்தச் சுவரின் முன் நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மருமகன் விளக்கினான். பட்டியல் பல வகை. ஒன்று, போன வருடம் எடுத்த மொத்தப் புள்ளியின்படி அடுக்கியது. இன்னொன்று, வரும் வருடம் எவ்வளவு எடுப்பார்கள் என்று இதைத் தொழிலாக எழுதுகிறவர்கள் ஊகித்து அடுக்கியது. மூன்றாவது, உலகம் முழுக்க மற்றவர்கள் சராசரியாக எத்தனையாவதாக எடுக்கிறார்கள் என்று காட்டுவது. இந்த மூன்றாவதை லேசாக நினைக்கக்கூடாது. ஒரு வீரர் நல்லவரா என்பதை அது சொல்லாது. ஆனால் உங்கள் முறை வரும்வரை அவர் மிஞ்சியிருப்பாரா என்பதைச் சொல்லும். கடற்கரையில் மீன் வாங்கப் போகிறவளுக்கு மீனின் ருசி தெரிந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்கிறவள் எதற்குக் கை நீட்டப்போகிறாள் என்பதும் தெரிய வேண்டும். அவன் தந்தது மூன்றையும் கலந்து யாரோ செய்த பட்டியல்.

மகள் ஒரு புதுக் கொப்பி எடுத்தாள். அடிமட்டம் வைத்துக் கோடு கீறினாள். பெயர், கழகம், எந்தக் களம், போன வருடம் எத்தனை ஆட்டம், எத்தனை கோல். கழகங்களின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்து நான் வாசிக்க, அவள் எழுதினாள். நான்கு இரவு இதே வேலை. டேட்டா அட்டை இரண்டு முடிந்தது. எனக்கு மொஹமட் சலாவையும் புக்காயோ சாக்காவையும் தெரிந்தது அப்போதுதான். சலா கோல் போடுகிற ஆள், ஆனாலும் இந்த ஆட்டத்தில் அவரை நடுக்கள வீரர் என்று வகுத்திருந்தார்கள். ஆகவே அவர் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 4 வராமல் 5 வரும். ஆள் அதே ஆள்தான். எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் புள்ளி மாறுகிறது. இதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் இரவு மகள் ஒரு பெயரில் பேனையை வைத்து நிறுத்தினாள். பிறையன் எம்பியூமோ, பிறென்ற்போர்ட் கழகம். மருமகனின் பட்டியலில் 41ஆவது பெயர்.

"அம்மா, இவர் போன முறை 9 கோல்தான். ஆனா 38 ஆட்டத்தில 25இலதான் விளையாடியிருக்கிறார். கால்ல காயம். 25க்கு 9 எண்டால் 38க்கு எத்தினை?"

கணக்குப் போட்டோம். கிட்டத்தட்ட 14. அவரோடு ஒரே பக்கத்தில் இருந்தவர்களில் சிலர் வருடம் முழுக்க விளையாடி 9, 10 எடுத்தவர்கள். மொத்தத்தைப் பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோலத்தான். அதோடு அந்தக் கழகத்தில் பெனால்ரி உதைக்கிற ஐவன் டோனி வேறிடம் போகப்போகிறார் என்று கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அவர் போனால் பெனால்ரி யாருக்கு வரும்? மகள் அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள்.

மொத்தப் புள்ளி என்பது காயத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறது, காயம் என்று சொல்லாமலே. பட்டியலை வாசிக்கிறவள் இதை ஒவ்வொரு பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும். இதற்கு மாறாகவும் நடக்கும். 2023 ஆவணியில் தெரிவு செய்தவர்களின் பட்டியலில் கோல் பாமர் என்ற இளைஞனை எங்கே தேடியும் கண்டிருக்க மாட்டீர்கள். மன்செஸ்டர் சிற்றியில் அவர் பெரும்பாலும் வாங்கில் இருந்தவர். 2023 செப்ரெம்பர் முதலாந் திகதி செல்சிக்கு மாறினார், அந்தப் பருவத்தில் 22 கோல் போட்டார். 2015இலும் இப்படித்தான். லெஸ்ரர் கழகத்தின் ரியாட் மஹ்ரெஸ், ஜேமி வார்டி இருவரையும் பட்டியல்காரர் யாரும் மேலே வைக்கவில்லை. அவர்கள் அந்த வருடம் லெஸ்ரருக்குக் கிண்ணத்தையே எடுத்துக் கொடுத்தார்கள். போன வருடத்தைப் பார்த்து எழுதுகிற பட்டியலுக்கு, போன வருடம் இடம் கிடையாமல் இருந்தவனைத் தெரியாது.

இலக்கத்தைக் காட்டிலும் முக்கியமான இன்னொன்றும் உண்டு. இதை மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். பந்தைப் பற்றி அவளுக்கு நான் சொன்ன ஒரேயொரு பாடம் இது.

கடற்கரையில் சீலா மூன்றுதான் கிடக்கிறது, சூடை கும்பியாகக் கிடக்கிறது என்றால் நீங்கள் எதை முதலில் எடுப்பீர்கள்? சூடை இன்றைக்கு எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் அது பிறகும் கிடைக்கும். சீலாவில் கை வைக்காவிட்டால் அது போய்விடும். அதுபோலத்தான் இங்கும். 1, 2, 3 என்று நேரே எண்ணினால் ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரே தூரம் இருப்பது போலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை. முதலாவது கோல்காப்பாளருக்கும் எட்டாவது கோல்காப்பாளருக்கும் வருட முடிவில் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் நல்ல முன்கள வீரர் ஐந்தாறு பேர்தான், அதற்குக் கீழே ஒரேயடியாகப் பள்ளம். ஆகவே ஒவ்வொரு களத்துக்கும் தனித்தனிப் பக்கம் எழுதி, எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு மேலே இரண்டு பேர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடு. கோட்டுக்கு மேலே ஏழு பேர் என்றால் பொறு. கோல்காப்பாளர் பக்கத்தைக் கொப்பியின் கடைசியில் எழுதினோம், எடுக்கும்போதும் கடைசியிற்தான் எடுப்பதென்று தீர்மானித்தோம்.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆவணி 11. பருவம் தொடங்கியது அடுத்த வெள்ளி, 16ஆந் திகதி. இலண்டனில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10, எங்களுக்கு இரவு ஏழரை. பெயர் சொல்லக் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் பட்டியலில் மேலே மிச்சமிருக்கிற பெயரைக் கணணி தானாக எடுத்துவிடும். ஆகவே எங்கள் கொப்பி ஒழுங்கையே முன்கூட்டிப் போனில் ஏற்றி வைத்தோம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம் போல இல்லைத்தான், ஆனாலும் தீவில் காற்றடித்தால் எதுவும் நடக்கும். அரிக்கன் இலாம்பையும் பக்கத்தில் துடைத்து வைத்தேன்.

குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது எட்டாவது இடம். மருமகன் விறாந்தையின் மற்றப் பக்கத்தில் இருந்து சிரித்தான். எர்லிங் ஹாலண்ட் முதலாவதாகப் போனார். சலாவைப் பாரிஸில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி எடுத்தான். பாமர், சாக்கா போனார்கள். மருமகன் ஐந்தாவது, அவன் ஃபில் ஃபோடனை எடுத்தான். ஃபோடன் முந்தின பருவத்தில் 19 கோல் போட்டு அந்த வருடத்தின் சிறந்த வீரர் என்று பெயரெடுத்தவர், ஆகவே அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் முறை வந்தபோது முன்களப் பக்கத்தில் கோட்டுக்கு மேலே நியூகாசிலின் அலெக்சாண்டர் ஈசாக் நின்றார். மகள் அவரை எடுத்தாள். ஒன்பதாவதாக மன்செஸ்டர் யுனைற்றெட்டின் புறூனோ பெர்னாண்டஸ். பிறகு பதினான்கு பெயர் போகும்வரை காத்திருப்பு. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர நேரமிருந்தது.

இருபத்துநான்காவதாக அவள் எம்பியூமோ என்றாள்.

"மச்சாள், அவர் நாற்பத்தொண்டு! இன்னும் ரெண்டு சுத்துக்கு ஒருத்தரும் தொடமாட்டினம்!" என்று மருமகன் கத்தினான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்களுக்கு அடுத்த முறை வருவது 40, 41இல். அதுவரை அவர் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாம்பின் நுனியில் நிற்கிறவள் கொஞ்சம் முந்தித்தான் கை நீட்ட வேண்டும். அவளும் அதைத்தான் சொன்னாள், என்னைவிட மரியாதையாக.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2025 வைகாசியில் பருவம் முடிந்தபோது எம்பியூமோ 38 ஆட்டத்திலும் விளையாடி 20 கோல் போட்டிருந்தார். ஈசாக் 23. ஃபோடனுக்கு வந்தது 7. பாரிஸ்காரன் வென்றான். வேறு யாரும் வெல்லவும் இடமில்லை, ஏனென்றால் சலா அந்தப் பருவத்தில் 29 கோல் போட்டு, 18 கோலுக்கு உதவி, 344 புள்ளி எடுத்தார். அவ்வளவு புள்ளி அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. நாங்கள் மூன்றாவது. மருமகன் ஏழாவது. எங்கள் கொப்பியும் எல்லாம் தெரிந்த கொப்பி அல்ல. அந்த வருடம் ஆகக் கூடிய ஆட்டங்களில் கோல் விடாமல் காத்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் நொட்டிங்காம் ஃபொறஸ்றின் மற்ஸ் செல்ஸ். அவர் பெயரை மகள் எழுதவே இல்லை. அதற்கு முந்தின பருவம் அந்தக் கழகம் 17ஆம் இடத்தில் நின்றது, அதனால் அந்தப் பக்கத்தையே நாங்கள் திறக்கவில்லை. பட்டியல்காரரைக் குறை சொன்ன நாங்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

ஒரு விடயத்தை இடையில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடும்ப லீக்கில் ஒரு சதமும் இல்லை. தோற்கிறவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதே விளையாட்டைக் காசுக்கு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2008இல் தொடங்கிய ட்ரீம்11 கோடிக்கணக்கான ஆட்களைச் சேர்த்தது. காசு கட்டி விளையாடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இந்தியா சட்டம் போட்டுத் தடுத்த பிறகுதான் அது தன் காசுப் போட்டிகளை நிறுத்தியது. அதற்கு முன்பே, 2022இல், தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் எங்கேயோ இருக்கட்டும். நுண்கடன் தவணைக்கென்று தாய் தகரப் பேணிக்குள் வைத்திருந்த காசு மகனின் போன் வழியாகப் போன வீடு ஒன்றை எனக்குத் தெரியும். பட்டியல் போடத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வருவதுதான் அதில் ஆபத்து. 344 புள்ளி எடுக்கப்போகிறார் என்று சலாவை எடுத்த பாரிஸ்காரனுக்குக்கூட அன்றைக்குத் தெரியாது. பிள்ளைகள் போனில் இந்த விளையாட்டு விளையாடினால் தடுக்க வேண்டாம். காசு எங்கே கட்டுகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

இனிச் சங்கத்துக் கதை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதே 2024 ஐப்பசியில் எங்கள் மாதர் சங்கத்துக்கு நான்கு தையல் இயந்திரம் வந்தது. கேட்டவர்கள் பதினொரு பேர். புள்ளி போட்டுத் தெரிவு செய்து தரச் சொல்லி ஒரு படிவமும் வந்தது. வருமானத்துக்கு இவ்வளவு, தங்கி வாழ்வோருக்கு இவ்வளவு, தையல் பழகியதற்கு இவ்வளவு, சங்கக் கூட்ட வரவுக்கு 10. செயலாளர் என்ற முறையில் கூட்டிப் பார்த்தது நான். ஒரு சகோதரி ஏழாவதாக நின்றார். வரவுக் கட்டத்தில் 12 கூட்டத்துக்கு 5 என்று இருந்தது. அந்த வருடம் ஆறு மாதம் அவர் தாயாரோடு யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையில் நின்றது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் இருந்த ஆறு மாதத்தில் ஐந்து கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

எனக்கு உடனே நினைவு வந்தது 25க்கு 9. கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பந்துக் கதை சொன்னால் சிரிப்பார்கள் என்று அதை விட்டு, கணக்கை மட்டும் சொன்னேன். ஊரில் இல்லாத மாதத்தைக் கழித்து எண்ணினால் 6க்கு 5, மற்றவர்களைவிட நல்ல வரவு. நீண்ட நேரம் கதைத்தோம். கடைசியில் பெரும்பான்மையானோர் ஒத்துக்கொண்டார்கள். அவர் நான்காவது இடத்துக்கு வந்தார். நான்காவதாக நின்றவர் ஐந்தாவதானார். அவருக்கு இயந்திரம் இல்லை.

அவரும் கணவனை இழந்தவர்தான். அன்று கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் என் படலையடியில் வந்து நின்று கேட்டார்:

"அக்கா, கூட்டிப் பார்த்து முடிஞ்ச பிறகு ஏன் மாத்தினீங்கள்? நீங்கள் சொன்ன கணக்குச் சரி. ஆனா அதை என்ர பேரைப் பார்க்க முதல் சொல்லியிருக்கலாமே. இனி அடுத்த மிசின் எப்ப வரும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவுமில்லை. அந்த இரண்டு மாதமும் நான் யோசித்தது அந்த விறாந்தை இரவைத்தான். கோலுக்கு எத்தனை, அட்டைக்கு எத்தனை என்று எல்லாம் பெயர் சொல்ல முதலே எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. ஃபோடன் 7 கோலோடு நின்றபோது மருமகன் எவ்வளவு கத்தினாலும் விதியை மாற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை. மகளும் நானும் கொப்பிக்குள் எப்படி வேண்டுமானாலும் எண்ணலாம், ஏனென்றால் அது எங்களுடைய தெரிவு. சங்கத்தில் நான் செய்தது வேறு. பதினொரு பேரின் பெயரும் மேசையில் கிடக்கும்போது விதியில் கை வைத்தேன். அந்தச் சகோதரிக்கு இயந்திரம் போனது சரியென்றே இன்றைக்கும் நினைக்கிறேன். போன வழி சரியில்லை.

2025 தைமாதக் கூட்டத்தில், எந்த உதவியும் வராத நேரத்தில், ஒரு தீர்மானம் எழுதினோம். இனி ஏதும் வந்தால் விண்ணப்பம் வாங்க முதலே எதற்கு எத்தனை புள்ளி என்று பொதுக்கூட்டத்தில் வாசித்து, சுவரில் ஒட்டுவது. நோய், பிள்ளைப்பேறு, நோயாளியைப் பார்த்தல், காணாமற் போனவரைத் தேடிப் போன நாட்கள் இவை வரவுக் கணக்கில் கழிக்கப்படும். வீட்டில் ஆட்கள் குறைந்திருந்தால் அதன் காரணத்தை எழுத ஒரு கட்டம் விடப்படும். வந்த படிவத்தில் இவற்றுக்கு இடமில்லாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைப்பது.

கூட்டக் குறிப்புக் கொப்பியில் அது இருக்கிறது. பிரேரித்தது நான். ஆமோதித்தது, படலையடியில் வந்து கேட்ட அந்தச் சகோதரி.